கண்ணீர் குடியிருக்கும் கண்டனம்

வன்மையாகக் கண்டிப்பதற்கு ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் ஏராளம். சுடுகிற சொல் உண்டு, வெட்டுகிற சொல்லும் உண்டு. அவற்றின் நடுவே ‘டிப்ளோர்’ மட்டும் கண்கலங்கி நிற்கிறது. அதன் வேரைத் தொட்டுப் பாருங்கள். இலத்தீனில் ‘ப்ளோராரே’ என்றால் வாய்விட்டு அழுவது. முன்னே ஒட்டிய ‘டி’ அந்த அழுகையை இன்னும் ஆழமாக்குகிறது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அழுது புலம்புவதைத்தான் அது குறித்தது. கண்டனம் பிற்பாடு வந்து சேர்ந்தது. சேர்ந்தும் பழைய ஈரம் காயவில்லை! மன்றாடிக் கேட்பதைக் குறிக்கும் ‘இம்ப்ளோர்’ இதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் ஒரே கண்ணீர்தான் தாய்ப்பால்.

ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்களேன். அழுத்தம் இரண்டாம் அசையில் விழ, ஓகாரம் நீண்டு இழைகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இந்தச் சொல்லைச் சொல்லவே முடியாது.

இலக்கணத்தில்தான் எத்தனை நாகரிகம்! ஆளை இதற்குச் செயப்படுபொருளாக வைப்பது வழக்கமில்லை. ஒருவர் செய்த செயலை, நடந்த கொடுமையை, நிலவும் அவலத்தைத்தான் இது பற்றும். செய்தவர் திருந்தி வர ஒரு வாசல் திறந்தே இருக்கும்.

மலாக்கா பாச்சாங்கில் எங்கள் வீட்டு வரிசையில் ஓர் அத்தை இருக்கிறார். ஒரு காலத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தலைக்கவசம் இல்லாமல் மோட்டாரில் பறந்து வந்த அண்ணன் மகனை ஒருநாள் வாசலிலேயே நிறுத்தி ஏசினார். “இப்படிச் செய்யலாமாய்யா? ஒனக்கு ஒண்ணு ஆனா நாங்க எங்கய்யா போவோம்?” குரல் உயர்ந்தது, உயர்ந்த இடத்திலேயே உடைந்தது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சாப்பிட்டியா?” என்றார். அகராதி இரண்டு வரியில் சொல்ல முயல்வதை அத்தை முழுசாகச் சொல்லிவிட்டார்.

நம் நாட்டு மலாய்ச் செய்திகளில் அடிக்கடி காதில் விழும் ‘கெசல்’ என்ற சொல்லும் இந்த இனம்தான். வருத்தமும் மனக்கசப்பும் அதில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. மலாக்காக்காரர்களுக்கு ‘டிப்ளோர்’ அந்நியமாகத் தோன்றாததில் வியப்பில்லை.

உலக அரங்கிலும் இதன் நயம் அறிந்தே இதை எடுக்கிறார்கள். 2022 பிப்ரவரியில், உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்ததும், ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் வைத்த தீர்மான வரைவில், நேரடியாகக் கண்டிக்கும் ‘கண்டெம்’ இருந்த இடத்தில் ‘டிப்ளோர்’ வந்து அமர்ந்தது. கூடுதல் நாடுகள் எதிர்க்காமலாவது இருக்கட்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. அங்கே ரஷ்யா தன் தடை அதிகாரத்தால் வரைவை வீழ்த்தியது. ஆனால் மார்ச் 2 அன்று பொதுப்பேரவை அதே வினைச்சொல்லைத் தாங்கிய தீர்மானத்தை 141 வாக்குகளோடு நிறைவேற்றியது. மலேசியாவும் ஆதரித்து வாக்களித்தது. மென்மையான சொல் என்று இதை ஒதுக்குபவர்கள் அந்த எண்ணிக்கையைப் பார்க்கட்டும்.

வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை இந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், ‘கண்டிப்பது’ என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ‘மனம் நொந்து கண்டிப்பது’ என்று சொல்லிக்கொடுங்கள்.