நறுமணமும் மனவுழைப்பும்

நறுமணம் மனத்திற்கு இன்பம் பயக்கும் என்பதைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. சந்தனமும் மருக்கொழுந்தும் நம் வாழ்வோடு ஒன்றியவை. தலைவலி வந்தால் தைலப் புட்டியைத் தேடாத வீடும் நம்மிடையே அரிது. ஆயினும், ‘இந்த எண்ணெயை முகர்ந்துகொண்டு படித்தால் மன இறுக்கம் நீங்கும்; அறிவும் கூர்மை பெறும்’ என்று தேர்வுக் காலத்தில் கூறப்படுவது வேறு செய்தி. அக்கூற்றை ஆராய்ந்த பின்னரே ஏற்பது ஆசிரியர் கடனாகும்.

பிரெஞ்சு வேதியியலார் கட்டபோசே 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இந்நறுமண மருத்துவத்திற்குப் பெயர் தந்தது. மூக்கு உணரும் மணம், உணர்ச்சிக்கும் நினைவிற்கும் உரிய மூளைப்பகுதிகளை விரைந்து எட்டுகிறது என்பதும் உண்மையே. ஆகவே மணம் மனத்தைத் தொடும் என்பதில் ஐயமில்லை. தொட்டு என்ன செய்யும் என்பதே வினா.

இங்கிலாந்தின் நார்த்தம்பிரியாப் பல்கலைக்கழகத்து மார்க் மாஸ் முதலியோர், 144 பேரை வைத்துச் செய்த ஆய்வை 2003இல் வெளியிட்டனர். லாவெண்டர் மணம், ரோஸ்மேரி மணம், மணமின்மை என மூவகைச் சூழலில் நினைவும் கவனமும் சோதிக்கப்பெற்றன. மணமற்ற சூழலில் இருந்தோரைவிட மற்ற இரு சாராரும் மனநிறைவோடு இருந்தனர். ஆனால் லாவெண்டர் மணத்தில் இருந்தோர்க்கு, உடனுக்குடன் நினைவில் வைத்துச் செயற்படும் ஆற்றல் குன்றியது. ரோஸ்மேரி நினைவின் தரத்தை உயர்த்தியது, விரைவையோ குறைத்தது.

இனி, மன இறுக்கத்தின் நிலை யாது? அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 56 பேர் பங்குகொண்டனர். எலுமிச்சை மணம் அவர்தம் மனநிலையை உயர்த்தியது. எனினும் இறுக்கத்தைக் காட்டும் கார்ட்டிசால் சுரப்பிலோ, குருதி அழுத்தத்திலோ, இதயத் துடிப்பிலோ நம்பத்தக்க மாற்றம் எதனையும் எலுமிச்சையும் விளைக்கவில்லை, லாவெண்டரும் விளைக்கவில்லை.

இவற்றால் நாம் கொள்ளத்தக்க முடிபு ஒன்றுண்டு. மன மகிழ்ச்சி வேறு, உடலின் இறுக்கம் தணிதல் வேறு, அறிவுத்திறன் வேறு. இம்மூன்றையும் ஒன்றெனக் காட்டுவதே விளம்பரத்தின் பிழை. மேலும், இவ்வாய்வுகளில் பங்குகொண்டோர் வளர்ந்தோர். பள்ளிச் சிறுவர் அல்லர். ஒருசில பொழுதில் கண்ட விளைவைக் கொண்டு, ஓராண்டுப் படிப்பிற்கு விதி வகுத்தலும் பொருந்தாது.

மணம் வேண்டாவென்று யாம் கூறவில்லை. களைத்த மாணவன் ஓய்வு கொள்ளும்போது அது துணையாகட்டும். கணக்குப் போடும் வேளையில், அமைதி தரும் மணமே மந்தமும் தரக்கூடும் என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்போம். நல்ல உறக்கமும் காற்றோட்டமுள்ள அறையும் நாள்தோறும் படிக்கும் ஒழுங்கும் இருக்க, புட்டியை நம்பிப் பொருளிழத்தல் வேண்டா.