மேனேஜர் ஆயாச்சா?

ப்ரெட் ப்ரூக்ஸின் 'தி மிதிக்கல் மேன்-மன்த்' 1975இல் வந்த புத்தகம். வாசிக்காதவர்களுக்கும் அதன் விதி ஒன்று தெரிந்திருக்கும்: ஏற்கெனவே தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். மீட்டிங்கில் இதைச் சொல்லாத ஆளே இல்லை. சொல்லிவிட்டு, ஆள் சேர்ப்பார்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது 11ஆவது அத்தியாயத்தில் சத்தமில்லாமல் வரும் ஒரு பத்தி. நிறுவனத்தில் நிர்வாகத்துக்கு ஒரு ஏணி, தொழில்நுட்பத்துக்கு ஒரு ஏணி வேண்டும் என்கிறார். இரண்டிலும் சம்பளத்தைச் சமமாக்குவது எளிது, மதிப்பைச் சமமாக்குவதுதான் கஷ்டம். அதனால் இரண்டு பேருக்கும் ஒரே அளவு அறை, ஒரே அளவு செக்ரட்டரி உதவி. நிர்வாகத்துக்கு மாறுகிறவருக்குச் சம்பள உயர்வு கூடாது, அதைப் பதவி உயர்வு என்று அறிவிக்கவும் கூடாது. திரும்பி வருகிறவருக்கோ கட்டாயம் உயர்வு தர வேண்டும். ஐபிஎம்மில் சிஸ்டம்/360 உருவாக்கத்தை நிர்வகித்தவர் ப்ரூக்ஸ். ஒரு நிர்வாகியே இப்படி எழுதினார் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனாலும் இந்தப் பத்தியோடு எனக்குச் சண்டை இருக்கிறது. மதிப்பு ஆபீஸ் சுவருக்குள் முடிவாகிறது என்று நம்புகிறார் மனுஷர். எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் சித்தி கேட்டது என் அறையின் அளவை அல்ல. "13 வருஷம் ஆச்சு, இன்னும் கோடிங்தான் பண்றியா? உனக்குக் கீழ எத்தனை பேருப்பா?" ரசம் ஊற்றுகிறவர்கூட நின்று பதிலுக்குக் காத்திருந்த மாதிரி இருந்தது. பூஜ்யம் என்று எப்படிச் சொல்வது?

இதைக்கூட விட்டுவிடலாம். பெரிய இடைவெளி பணத்தில் இருக்கிறது. ஐபிஎம் தானே உருவாக்கியதை விற்ற நிறுவனம். ஓ.எம்.ஆர். பக்கம் நாங்கள் செய்வதில் பெரும்பகுதி சேவை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பில் போகிறது. டீம் ஒரு பிரமிடு: அடியில் கல்லூரி முடித்து வந்த பிள்ளைகள், உச்சியில் ஓரிருவர். என் சம்பளம் வருடாவருடம் ஏறுகிறது, வாடிக்கையாளர் தரும் ரேட் அதே வேகத்தில் ஏறுவதில்லை. ஆகவே கோடு எழுதும் 13 வருட ஆள் கணக்கில் செலவு. அதே ஆளை 15 ஃப்ரெஷர்களுக்கு மேல் உட்கார வைத்தால் லாபம். ப்ரூக்ஸ் எதைக் கட்டுக்கதை என்றாரோ, அந்த ஆள்-மாதம்தான் இங்கே விற்பனைச் சரக்கு. அறையின் அளவைச் சமமாக்கி இதை எப்படிச் சரிசெய்வது? அவருடைய மருந்து இந்த நோய்க்கானதே அல்ல.

அப்ரைசலில் என் மேனேஜர் இதை நேராகவே சொன்னார். "டெக்னிக்கல் டிராக் இருக்குப்பா. மொத்த யூனிட்டுக்கும் ரெண்டே சீட்." நல்ல மனிதர், ஒருகாலத்தில் பிரமாதமாக கோடு எழுதியவர். வீட்டுக்கடன் தவணை 5ஆம் தேதி. கையெழுத்துப் போட்டேன்.

இப்போது என் நாள் எக்ஸெல்லில் போகிறது. யாருக்கு லீவு, யார் பேப்பர் போட்டிருக்கிறார்கள். கூட இருக்கும் ஒரு பெண் ராத்திரி 11 மணிக்கு ஒரு பக்கைப் பிடித்துவிட்டுக் குழுவில் துள்ளியபோது, ஒரு தம்ஸ்-அப் போட்டுவிட்டு லேப்டாப்பை மூடினேன். அந்த வாரம்தான் ப்ரூக்ஸை மறுபடி எடுத்தேன்.

மறுநாள் எச்.ஆரிடம் கேட்டேன், திரும்பப் போகலாமா என்று. உயர்வெல்லாம் கேட்கவில்லை. அவர் திரையில் கொஞ்ச நேரம் தேடினார். "சார், ப்ரமோஷன் இருக்கு, ட்ரான்ஸ்ஃபர் இருக்கு, ரெசிக்னேஷன் இருக்கு. நீங்க சொல்றது டிராப்-டவுன்லயே இல்லையே."