சிக்கல், தீர்வு: விம் எடிட்டரின் பேட்ச் குறிப்புகளைப் படிப்பது பற்றி

போனில் ஏதாவது ஒரு ஆப் அப்டேட் ஆகும்போது அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். "பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது." பேங்க் ஆப்பும் இதைத்தான் சொல்லும், சாப்பாடு கொண்டுவரும் ஆப்பும் இதைத்தான் சொல்லும். எந்தப் பிழை, யாருக்கு வந்தது, எப்படிச் சரியானது என்று ஒரு விவரமும் இருக்காது. நம் பணத்தையும் முகவரியையும் வைத்திருக்கிற மென்பொருள், தன்னைப் பற்றி நமக்குச் சொல்ல விரும்புவது அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது விம் எடிட்டரின் பேட்ச் குறிப்புகள். இருபது வருடத்துக்கு மேலாக விம்மில்தான் வேலை செய்கிறேன். அதன் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்க ஆரம்பித்தது பிற்பாடுதான். மென்பொருள் உலகத்தில் எழுதப்படும் சிறு உரைநடைகளில் இது கவனிக்க வேண்டிய ஒன்று என்பது என் எண்ணம். அதை ஒரு எழுத்து வடிவமாக எடுத்துக்கொண்டு, அதில் எது நன்றாக இருக்கிறது, எது குறைகிறது என்று பார்க்கலாம்.

இரண்டு வரி வடிவம்

முதலில் பின்னணி. ப்ராம் மூலினார் என்ற நெதர்லாந்துக்காரர் 1988-ல் அமிகா கம்ப்யூட்டருக்காக விம்மை எழுதத் தொடங்கினார். 1991-ல் பொதுவில் வெளிவந்தது. கடைசிவரை பராமரித்ததும் அவர்தான். இலவசம்; பிடித்திருந்தால் உகாண்டாவில் கிபாலே என்ற இடத்துக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று எடிட்டரைத் திறந்ததுமே ஒரு வரி கேட்கும். 2023 ஆகஸ்ட் 3 அன்று அவர் இறந்தார். வயது 62.

விம்மின் மூல நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு எண் உண்டு. 8.1.1365 என்றால் 8.1 வெளியீட்டுக்குப் பிறகு வந்த 1365-வது மாற்றம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பில் இரண்டே பகுதி: "சிக்கல்", "தீர்வு". பெரும்பாலும் ஆளுக்கு ஒரு வாக்கியம். சிக்கலைச் சொன்னவர் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும். விஷயம் முடிந்தது.

8.2 வெளிவந்தது 2019 டிசம்பர் 12. அடுத்த பெரிய வெளியீடான 9.0 வந்தது 2022 ஜூன் 28. இடையில் 929 நாள். அந்த இடைவெளியில் சேர்ந்த பேட்ச்கள் ஐயாயிரத்துக்கும் மேல். சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்து தாண்டுகிறது. இவை எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் மட்டும் கிடப்பவை அல்ல. ஒரு பெரிய வெளியீடு வரும்போது, அதற்கு முன்னால் சேர்ந்த அத்தனை குறிப்புகளும் எடிட்டரோடு வரும் உதவிக் கோப்பிலேயே அச்சாகிவிடும். நெட் இல்லாமல் ரயிலில் உட்கார்ந்துகூடப் படிக்கலாம்.

எண் போடுவதில் நடைமுறைப் பயன் ஒன்றும் இருக்கிறது. வெர்ஷன் கட்டளையைக் கொடுத்தால் எந்த எண் வரை சேர்ந்திருக்கிறது என்று எடிட்டரே சொல்லும். ப்ளகின் எழுதுகிறவர், "இன்ன எண் பேட்ச் இந்த விம்மில் இருக்கிறதா?" என்று நிரலுக்குள்ளேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆக, குறிப்பு வேறு, மென்பொருள் வேறு என்றில்லை. குறிப்பின் எண் மென்பொருளின் உடம்பிலேயே பதிந்திருக்கிறது. ரிலீஸ் நோட் என்றால் மார்க்கெட்டிங் ஆட்கள் கடைசி நாளில் எழுதுவது என்றிருக்கும் உலகில் இது பெரிய விஷயம்.

1365-ம் 1366-ம்

ஒரு உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம். விம்மில் மோட்லைன் என்று ஒரு வசதி. ஒரு கோப்பின் முதல் சில வரிகளிலோ கடைசி சில வரிகளிலோ, "இந்தக் கோப்புக்கு டேப் அகலம் நாலு" என்பது மாதிரி எடிட்டருக்கான அமைப்புகளை எழுதி வைக்கலாம். கோப்பைத் திறந்ததும் விம் அதைப் படித்து நடந்துகொள்ளும். அந்நியர் எழுதிய கோப்பு நம் எடிட்டருக்கு உத்தரவு போடுகிறது என்பதால் இது இயல்பிலேயே ஆபத்தானது. ஆகவே மோட்லைனில் வரும் கோவைகளை விம் ஒரு சாண்ட்பாக்ஸுக்குள் வைத்துத்தான் இயக்கும். ஷெல் கட்டளை, கோப்பு எழுதுவது எல்லாம் அங்கே தடை.

2019-ல் ஒரு ஆராய்ச்சியாளர் ஓட்டை கண்டுபிடித்தார். சிவிஇ-2019-12735 என்ற எண்ணில் அது பதிவாகியிருக்கிறது. ஒரு கோப்பிலிருந்து கட்டளைகளை எடுத்து, நாமே கீபோர்டில் தட்டியதுபோல ஓட்டுகிற ஸோர்ஸ் கட்டளையின் ஆச்சரியக்குறி வடிவத்துக்கு சாண்ட்பாக்ஸ் சோதனை போடப்படவில்லை. மோட்லைன் வழியாக அதைக் கூப்பிட்டால், சாண்ட்பாக்ஸ் முடிந்த பிறகு அந்தக் கட்டளைகள் வெளியே ஓடும். சுருக்கமாகச் சொன்னால், மோட்லைன் இயங்கும் நிலையில் ஒரு டெக்ஸ்ட் கோப்பை வெறுமனே திறந்தாலே போதும். உங்கள் கம்ப்யூட்டரில் அடுத்தவர் கட்டளை ஓடும். நியோவிம்முக்கும் இதே பாதிப்பு இருந்தது, அங்கே 0.3.6-ல் சரிசெய்தார்கள்.

விம்மில் சரிசெய்த பேட்ச்தான் 8.1.1365. அதன் குறிப்பு என்ன சொல்கிறது? ஸோர்ஸ் கட்டளை சாண்ட்பாக்ஸைச் சோதிப்பதில்லை என்பது சிக்கல். கோப்பை ஓட்டும்போது சோதிக்க வேண்டும் என்பது தீர்வு. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இதற்கு அடுத்த எண்ணையும் படிக்க வேண்டும். 8.1.1366, மோட்லைனில் கோவைகளை அனுமதிப்பதே பாதுகாப்பில்லை என்கிறது. அதற்கென்று தனியாக ஒரு ஆப்ஷனைச் சேர்த்து, இயல்பில் அதை அணைத்து வைக்கிறது. முதல் பேட்ச் ஓட்டையை அடைக்கிறது. இரண்டாவது, ஓட்டை விழுந்த சுவரே தேவையா என்று கேட்கிறது. ஒரு நல்ல இன்ஜினியர் யோசிக்கும் வரிசை அடுத்தடுத்த இரண்டு எண்களில் கண்முன்னே நிற்கிறது. எந்த டிசைன் டாக்குமெண்டும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

எல்லாம் ஒரே குரல்

பாராட்டு போதும். இதே உதாரணம்தான் இந்த வடிவத்தின் முதல் குறையையும் காட்டுகிறது.

1365-ம் குறிப்பைத் தனியாகப் படிக்கும் ஒருவருக்கு இது உயிர்போகும் விஷயம் என்று தெரிய வழியே இல்லை. உதவிக் கோப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திய மாதிரியான மாற்றத்துக்கும், மெஷினையே அடுத்தவர் கையில் கொடுக்கும் ஓட்டைக்கும் அதே தொனி, அதே நீளம். ஐயாயிரம் குறிப்புகளில் எந்தப் பத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று வடிவம் சொல்வதில்லை. ஒரு சர்வர் அட்மின் இதில் என்ன செய்வார்? சிவிஇ பட்டியலைத்தான் பார்ப்பார். அதாவது, மென்பொருள் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான வாக்கியத்தை வெளியாட்கள் எழுதுகிறார்கள்.

இரண்டாவது குறை, "ஏன்" இல்லாதது. சிக்கல் இருக்கிறது, தீர்வு இருக்கிறது, இந்தத் தீர்வை ஏன் தேர்ந்தெடுத்தோம், வேறு எதைத் தள்ளினோம் என்பது குறிப்புக்குள் வருவதில்லை. தள்ளப்பட்டவை முக்கியமில்லையா? நியோவிம் பிறந்த கதையைப் பாருங்கள். தியாகோ டி அருடா என்பவர் விம்முக்குள் பின்னணியில் வேலைகளை ஓட்டும் வசதிக்காகக் கொடுத்த பெரிய பேட்ச் ஏற்கப்படவில்லை. 2014-ல் அவர் நியோவிம்மைத் தொடங்கினார். 2016 செப்டம்பரில் வந்த விம் 8.0-ல் ஜாப், சேனல், டைமர் என்று அதே தேவைக்கான வசதிகள் வேறு வடிவில் வந்துசேர்ந்தன. விம்மின் சமீப வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை. ஏற்கப்படாத பேட்ச்சுக்கு எண் கிடையாது. எண் இல்லாததற்குக் குறிப்பும் கிடையாது. எண்களை மட்டும் படிக்கும் ஒருவருக்கு இந்தத் திருப்பம் கண்ணிலேயே படாது.

எதிர்பார்த்தது என்ன?

பேட்ச் குறிப்பின் மறுபாதி பக் ரிப்போர்ட். நல்ல ரிப்போர்ட்டுக்கு விம் கேட்பது எளிமையானது. உங்கள் சொந்த அமைப்புகள், ப்ளகின்கள் எதுவும் இல்லாமல் விம்மைச் சுத்தமாகத் திறந்து, பிரச்சினையை மறுபடி வரவழைத்துக் காட்டுங்கள். என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், எந்த வெர்ஷன் என்று எழுதுங்கள். பாதி ரிப்போர்ட்டுகள் இந்த முதல் படியிலேயே கரைந்துபோகும். சொந்த அமைப்புதான் குற்றவாளி என்று தெரியவரும்.

ஆனால் "என்ன எதிர்பார்த்தீர்கள்" என்பது பார்ப்பதுபோல் எளிய கேள்வி இல்லை. தமிழையே எடுத்துக்கொள்வோம். "கி" என்ற எழுத்து யூனிகோடில் இரண்டு குறி: ககரமும் இகரக் குறியும். விம்மில் அதன்மேல் எக்ஸ் அடித்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். போன் கீபோர்டில் தட்டிப் பழகியவர் குறி மட்டும் அழிந்து "க" மிஞ்சும் என்று எதிர்பார்ப்பார். விம்மில் டெல்கம்பைன் என்ற ஆப்ஷனைப் போட்டால் அப்படியும் நடக்கும். இயல்பில் அது அணைந்திருக்கும். சரி, எது பக்? "கி" ஓர் எழுத்து என்று இலக்கணம் சொல்கிறது. விம் அதன்படிதான் நடக்கிறது. ஆனால் "க்ஷ"வை எடுத்தால், "க்" மட்டும் போய் "ஷ" நிற்கும். கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிந்தது பாதியாக உடைகிறது. இதைத் தமிழில் எழுதுகிற ஒருவர் உட்கார்ந்து, எதிர்பார்ப்பை விளக்கி எழுதினால்தான் அது சிக்கல் என்று ஒரு எண்ணைப் பெறும். எழுதாதவரை அது பக்கே இல்லை. பக் பட்டியல் என்பது பக்குகளின் பட்டியல் அல்ல. எழுத நேரமும் மொழியும் துணிச்சலும் இருந்தவர்களின் பட்டியல்.

இதன் மறுகோடி 2022-ல் நடந்தது. பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் ஹண்டர் என்ற தளம் வழியாக விம்மைப் பற்றிப் பாதுகாப்பு ரிப்போர்ட்டுகள் வந்து குவிந்தன. பல டஜன் சிவிஇ எண்கள். பெரும்பாலும் தானியங்கியாகக் குப்பை உள்ளீடுகளை உருவாக்கி எடிட்டரை விழவைத்துக் கண்டவை. அவற்றில் நிறைய, இந்த விம் ஸ்கிரிப்டை ஓட்டினால் நினைவக எல்லை மீறுகிறது என்ற ரகம். விம் ஸ்கிரிப்டை ஒருவர் உங்களை ஓட்டவைக்க முடிந்தால், அதற்குப் பிறகு அவருக்கு நினைவகப் பிழை எதற்கு? நேராக ஷெல் கட்டளையே கொடுத்துவிடலாமே. எல்லை மீறல் உண்மைதான், சரிசெய்ய வேண்டியதுதான். ஆனால் 2019 ஓட்டையும் இதுவும் ஒரே வகை எண்ணோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. மேலே பேட்ச் குறிப்பில் பார்த்த எடையின்மை, இங்கே பரிசுப் பணம் சேர்ந்து இன்னும் பெரிதாகிறது. அத்தனைக்கும் ஒரே மனிதர்தான் பொறுமையாக இரண்டு வரி எழுதிக்கொண்டிருந்தார்.

பெயர் எங்கே?

அந்த "ஒரே மனிதர்" என்பதுதான் மூன்றாவது குறை. மாற்றத்தை எழுதியவர் யாராக இருந்தாலும், நீண்ட காலம் விம்மின் பதிவேட்டில் ஆசிரியர் பெயராக மூலினார் பெயரே நின்றது. உண்மையில் நிரல் எழுதியவர் அடைப்புக்குறிக்குள் இருப்பார். அவர் யாரையும் மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. பெயர் விடாமல் நன்றி சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஆனால் அடைப்புக்குறிக்குள் நன்றி பெறுவது வேறு, ஆசிரியராக நிற்பது வேறு. இந்த முறை பிற்பாடு மாறியது. இன்று மாற்றத்தை எழுதியவர் பெயரிலேயே அது பதிவாகிறது.

அவர் போன பிறகு எல்லோரும் கேட்ட கேள்வி, இனி விம் என்ன ஆகும் என்பதுதான். கிறிஸ்டியன் ப்ராபண்ட் பராமரிப்பை ஏற்றார். ஐந்து மாதத்தில், 2024 ஜனவரி 2 அன்று, 9.1 வெளிவந்தது, மூலினாருக்கே அர்ப்பணிக்கப்பட்டது. எண் வரிசை அறுபடவில்லை. சிக்கல், தீர்வு என்ற வடிவமும் அப்படியே தொடர்கிறது. இது தற்செயலாக நடந்ததில்லை என்று நினைக்கிறேன். ஒரு ஆள் தலைக்குள் வைத்திருந்தவற்றில் பாதியையாவது அந்த ஆயிரக்கணக்கான இரண்டு வரிகள் வெளியே கொண்டுவந்து வைத்திருந்தன. புதிதாக வந்தவர் ஒரு வரியைத் தொட்டால், அது எந்தச் சிக்கலுக்காக வந்தது என்று தேடிப் பார்க்க முடிந்தது.

என் தீர்ப்பு இதுதான். விம்மின் இரண்டு வரிக்கு மூன்றாவதாக ஒரு வரி வேண்டும்: "யாரைப் பாதிக்கும்". அதை மட்டும் சேர்த்தால் 1365-ம் எழுத்துப்பிழைத் திருத்தமும் ஒரே மாதிரி ஒலிக்காது. "ஏன்" என்பதற்கு நாலாவது வரி கேட்க எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து எழுதுகிறவரிடம் நாலு வரி கேட்டால் ஒரு வரியும் கிடைக்காமல் போகலாம். சுருக்கம்தான் இந்த வடிவத்தை இத்தனை வருடம் ஓடவைத்தது.

நீங்கள் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தால், அடுத்த முறை கமிட் செய்யும்போது இதை முயன்று பாருங்கள். என்ன சிக்கல் என்று ஒரு வாக்கியம், என்ன தீர்வு என்று ஒரு வாக்கியம். முதல் வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால், அநேகமாக அந்த மாற்றமே தேவையில்லை.