பேயின் மூளையும் பிறவிக் குணமும்

பிராங்கன்ஸ்டைன் என்றவுடன் கழுத்தில் ஆணி அறைந்த ராட்சதப் பிணம் ஒன்றே நம் ஜனங்களின் நினைவுக்கு வருகின்றது. உண்மையில் அப்பெயர் பிணத்தினுடையதன்று. அதை உண்டாக்கிய விஞ்ஞானியினுடையது. உண்டாக்கப்பட்ட உயிருக்கு நாவல் முழுவதிலும் பெயரே கிடையாது. இருபது வயதுப் பெண்ணான மேரி ஷெல்லி 1818-இல் தம் பெயர் போடாமல் வெளியிட்ட இந்நாவலைச் சினிமாக்காரர்கள் படுத்தியிருக்கும் பாட்டைப் பற்றியே எழுதப் புகுந்தோம்.

நாவலில் நடப்பதென்ன? படைத்தவன் தன் படைப்பின் அவலட்சணம் கண்டு முதல் இரவே ஓடிவிடுகின்றான். கைவிடப்பட்ட அவ்வுயிர் ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டையொட்டிய கொட்டிலில் ஒளிந்து, சுவர் விரிசல் வழியே பார்த்தும் கேட்டும் மொழி கற்கின்றது, புத்தகம் படிக்கின்றது, இரவில் அக்குடும்பத்துக்கு விறகு சேர்த்து வைக்கின்றது. கண் தெரியாத கிழவர் அதனோடு அன்பாய்ப் பேசுகின்றார். கண்ணுள்ள மகனோ தடியெடுத்து அடிக்கின்றான். இவற்றிற்குப் பிறகே அது கொலையில் இறங்குகின்றது.

1931-இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்தில் இந்தக் காரணமெல்லாம் பறந்துவிட்டது. வேலையாள் நல்ல மூளையைக் கீழே போட்டுடைத்து, குற்றவாளியின் மூளையை எடுத்து வருகின்றானாம். அதனை உள்ளே வைத்துத் தைத்துவிடுகின்றார்களாம். நாவலில் எங்குமே இல்லாத சரக்கு இது! போதாக்குறைக்குப் பேச்சையும் பறித்துவிட்டார்கள். போரிஸ் கார்லாப் உறுமலோடேயே நம் நெஞ்சை உருக்கினார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தன் வழக்கைத் தானே எடுத்துரைத்த உயிரை ஊமையாக்கியது யாருக்கு நன்மை?

இவ்வாதம் நமக்குப் புதிதன்று. பிறவியிலேயே இழிந்தவன் என்னும் பழைய பல்லவிதான் மூளை வேஷம் போட்டு வந்திருக்கின்றது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) தோட்டங்களில் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். தோட்டத்திலேயே கள்ளுக்கடையைத் திறந்து வைத்துவிட்டு, குடி தமிழனின் கூடப்பிறந்த குணம் என்று பேசியதுண்டு. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயன்கள் காலியாகி, பட்டணத்தில் ஒதுங்கிய குடும்பத்துப் பிள்ளை வழி தவறினால், "எஸ்டேட் பையன்தானே, இரத்தத்திலேயே உள்ளது" என்போர் நம்மவரிலும் உண்டல்லவா? படித்தவர்களே அதிகம்!

தமிழ்ப் படங்களும் தப்பவில்லை. வேலு பிரபாகரனின் "நாளைய மனிதன்" (1989) செத்தவனை மருந்தால் எழுப்பிக் கொலைகாரனாய் ஓடவிட்டதோடு நின்றது. ஷங்கரின் "எந்திரன்" (2010) இன்னும் கிட்டே வந்தது. சிட்டி என்னும் இயந்திர மனிதனைப் படைத்தவனே வெட்டிக் குப்பையில் எறியும் இடம் மேரி ஷெல்லியின் நெஞ்சையே தொடுகின்றது. அந்த அவமானமே கோபத்துக்குப் போதுமான காரணம். படமோ உடனே ஒரு சிவப்புச் சில்லைச் செருகி, தீமையெல்லாம் அதிலிருந்தே வந்ததென்று காட்டிவிட்டது. மூளைக்குப் பதில் சில்லு!

நிற்க. 2025-இல் கில்யெர்மோ தெல் தோரோ எடுத்த படம் பேச்சைத் திருப்பிக் கொடுத்தது. குருட்டுக் கிழவர் காட்சியும் வந்தது. எனினும் நமக்கொரு குறை. நாவலில் அவ்வுயிர் ஒரு சிறுவனைக் கழுத்து நெரித்துக் கொன்று, குற்றமற்ற ஜஸ்டின் தூக்கேறக் காரணமாகின்றது. இப்படத்தில் அவையில்லை, காதலியின் சாவும் படைத்தவன் துப்பாக்கியாலேயே நேர்கின்றது. துன்புறுத்தப்பட்டவனும் குற்றவாளியாகலாம், குற்றவாளியானபின்னும் அவனுக்கு நியாயமுண்டு என்று இரண்டையும் ஒருங்கே தாங்கிய நாவலின் துணிவு இங்கே பாதியாகிவிட்டது.

அந்தத் துணிவைப் பேய்ப்படத்தில் தேடுவானேன்? சஞ்சய் குமார் பெருமாளின் "ஜகாட்" (2015) பாருங்கள். தோட்டத்தை இழந்த குடும்பத்துச் சிறுவன் அப்போய்; சூட்டிகையான பிள்ளை. தகப்பன் அடியிலும் பள்ளியின் அவமதிப்பிலும் வளர்ந்து, கடைசியில் அடியாள் கூட்டத்தில் போய்ச் சேருகின்றான். அவன் தலைக்குள் யாரும் எதையும் மாற்றி வைக்கவில்லை. அவன் செய்வதைப் படம் மூடி மறைக்கவுமில்லை.