தூணுக்கு முன்னால் ஒரு தகப்பன்

மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியன்று இரவு முழுக்க நடக்கும் பாகவத மேளா நாடகமான பிரகலாத சரித்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விடியற்காலையைப் பற்றியே பேசுகிறார்கள். தூண் பிளக்கிறது, சிங்கமுகம் வெளியே வருகிறது, வேஷம் கட்டியவருக்கு ஆவேசம் ஏறுகிறது, சுற்றி நிற்பவர்கள் அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே மூன்று மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காட்சியின் வேகம் அப்படி. ஆனால் அந்த நாடகத்தின் அருமை அதற்கு முந்திய மணி நேரங்களில் இருக்கிறது என்பது என் கட்சி. ஒரு தகப்பன் தன் மகனைப் பார்த்து, நீ என்ன படித்தாய் என்று ஆசையாகக் கேட்பதில் இருக்கிறது.

கதை எல்லோருக்கும் தெரியும். அதன் முன்கதையைத்தான் மறந்துவிடுகிறோம். பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் பிரகலாதனே தன் பள்ளித் தோழர்களுக்கு அதைச் சொல்கிறான். இரணியன் மந்தர மலைக்குத் தவம் செய்யப் போயிருந்தபோது தேவர்கள் அசுரர்கள் மீது படையெடுத்தார்கள். கர்ப்பிணியாக இருந்த அரசி கயாதுவை இந்திரன் பிடித்துக்கொண்டு போனான். வழியில் நாரதர் தடுத்து, அவளைத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துப்போய், புருஷன் திரும்பி வரும்வரை அங்கேயே வைத்துக்கொண்டார். அவளுக்கு அவர் சொன்னதையெல்லாம் வயிற்றிலிருந்த பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தது. தாய் காலப்போக்கில் மறந்துவிட்டாள், பிள்ளை மறக்கவில்லை. ரத்தம் அசுரனுடையது, புத்தி ரிஷி கொடுத்தது. அரண்மனையில் அவனுக்குப் பாடம் சொல்ல வந்த சுக்கிராசாரியாரின் பிள்ளைகள் சண்டனும் அமர்க்கனும் காலம் கடந்து வந்த வாத்தியார்கள். அவர்கள் ஏட்டைப் பிரிப்பதற்கு முன்பே அவன் படிப்பு முடிந்துவிட்டது.

நினைத்த உருவம் எடுப்பது அசுரர்களுக்குப் பிறவியிலேயே வருவது என்பது புராண வழக்கு. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதற்கு வெளியூர் போக வேண்டாம். வெண்ணாற்றங்கரையில் மூன்று கோயில்களாக இருக்கும் தஞ்சை மாமணிக்கோயிலின் தலபுராணத்தில், யானையாக உருமாறிப் போரிட்ட தஞ்சகன் என்ற அசுரனைப் பெருமாள் சிங்கமாக வந்து அழித்ததாகவும், அவன் கேட்டுக்கொண்டபடி ஊருக்கு அவன் பெயரே நிலைத்ததாகவும் சொல்வார்கள். ஆனால் பிரகலாதன் கதையில் உருமாறுவது அசுரன் இல்லை. தகப்பன் கடைசிவரை தகப்பனாகவே நிற்கிறான். மகனும் மாறவில்லை. மனிதனாலும் மிருகத்தாலும் சாவில்லை, பகலிலும் இரவிலும் இல்லை, உள்ளேயும் வெளியேயும் இல்லை என்று இரணியன் வாங்கிய வரத்துக்கு ஈடுகொடுக்கக் கடவுள்தான் பாதி மிருகமாக ஆகவேண்டியிருக்கிறது. இதை இரவு முழுக்கக் கண்விழித்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரிகிறது.

மெலட்டூர் தஞ்சாவூரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தொலைவில், பாபநாசம் வட்டத்தில் இருக்கிறது. 1565இல் தலைக்கோட்டையில் விஜயநகரம் வீழ்ந்த பிறகு தெற்கே வந்த குடும்பங்களுக்கு அச்சுதப்ப நாயக்கர் வீடும் நிலமும் கிணறும் கொடுத்துக் குடியேற்றிய ஊர். 510 குடும்பங்கள் என்பது ஊர் வழக்கு. அச்சுதபுரம், உன்னதபுரி என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர், தேப்பெருமாநல்லூர் என்று பாகவத மேளா ஆடிய ஊர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் உண்டு. சாலியமங்கலத்தில் இன்றும் வேறொரு பிரகலாத சரித்திரம் நடக்கிறது. ஆர்சுத்திப்பட்டு போன்ற ஊர்களில் தமிழிலேயே இரணிய நாடகம் போடுகிறார்கள். இந்த வண்டல் மண்ணுக்கு இரணியன் மீது அப்படி ஒரு பிடிப்பு. நரசிம்ம ஜயந்தி வருவது வைகாசி வாக்கில். மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருக்கும், ஆற்றில் மணல்தான் ஓடும், வயலில் வேலை குறைவு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்க ஊருக்கு நேரம் கிடைக்கும் பருவம் அது.

மெலட்டூர் நாடகத்தை எழுதியவர் வேங்கடராம சாஸ்திரி. 1743இல் பிறந்து 1809 வரை வாழ்ந்தவர் என்று சொல்வார்கள். தெலுங்கில் எழுதினார். அரிச்சந்திரன், மார்க்கண்டேயன், ருக்மாங்கதன், உஷை என்று அவர் எடுத்துக்கொண்ட கதைகள் பல. அவர் முதிர்ந்த வயதில் இருந்தபோது திருவையாற்றில் இளையவராக இருந்தவர் தியாகராஜர். அவரும் பிற்பாடு இதே கதையை எடுத்தார், இதே தெலுங்கில்: பிரகலாத பக்தி விஜயம். கச்சேரியில் கல்யாணி ராகத்தில் ‘வாசுதேவயனி’ கேட்கிற பலருக்கு அது ஒரு நாடகத்தில் வாயில்காப்போன் நுழையும்போது வரும் பாட்டு என்பது தெரியாது. அந்த நாடகத்தில் ஒரு பெரிய விசேஷம் இருக்கிறது: இரணியன் மேடைக்கே வருவதில்லை. தியாகராஜருக்கு வேண்டியது பக்தனும் பகவானும். நடுவில் தகப்பன் எதற்கு? அந்த நாடகத்தில் மகனின் தவிப்பு முழுவதும் இறைவனை நோக்கியே திரும்பிவிடுகிறது. பாட்டாக அது எட்டிய உயரம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

சாஸ்திரி தகப்பனைக் கொண்டுவந்து நடுத்தெருவில் நிறுத்தினார். பிரகலாதனின் பக்திக்கு நிகராக இரணியனின் பாசத்தையும் வைத்தால்தான் அந்தப் பிள்ளை எதை விட்டுக்கொடுத்தது என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அரக்கத்தனம் மட்டுமே உள்ள ஒரு தகப்பனை எதிர்ப்பதில் என்ன பெருமை இருக்கிறது? நாடகம் என்று பார்த்தால் நான் சாஸ்திரி பக்கம்.

ஆட்டம் வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே, தெருவில் போட்ட மேடையில் நடக்கிறது. வேஷம் கட்டுவதெல்லாம் ஆண்கள். பலர் வெளியூர்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள். தகப்பன், பாட்டன் கட்டிய வேஷத்துக்காக ஒவ்வொரு வருஷமும் ஊருக்குத் திரும்புகிறார்கள். முதலில் கோணங்கி வந்து துள்ளிவிட்டுப் போவான். தோடயமங்களம் பாடுவார்கள். பிறகு ஒரு சின்னப் பையன் யானைமுக மூடியோடு பிள்ளையாராக வந்து ஆடுவான். கட்டியக்காரன் வந்து இன்னார் வருகிறார் என்று அறிவிப்பான். இந்த வரிசையை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிடக்கூடாது. மனித உடம்பு, மிருக முகம். அதுவும் ஒரு குழந்தை மேல். இரவின் தொடக்கத்தில் அந்தச் சேர்க்கையைச் செல்லமாகக் காட்டிவிட்டு, விடியும் நேரத்தில் அதே சேர்க்கையைத் தாங்க முடியாத உக்கிரமாகக் காட்டுகிறது நாடகம்.

இரணியன் வரும்போது திரை பிடிப்பார்கள். பாத்திரப் பிரவேச தரு என்பது இந்த மரபின் உயிர்நாடி. பாத்திரம் யார் என்பதைப் பாட்டும் ஜதியும் சேர்ந்து, வசனம் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சுமாரான இரணியன் திரையை விலக்கும்போதே உறுமத் தொடங்கிவிடுவான். பிறகு விடியும்வரை ஏற்றுவதற்கு அவனிடம் ஒன்றும் இருக்காது. தேர்ந்த இரணியன் நுழைவதே வேறு. அவன் கர்வத்தில் ஒரு நிம்மதி இருக்கும். தவம் பலித்தவன், ராஜ்ஜியம் வாய்த்தவன், ஆண்பிள்ளை பெற்றவன். காலடி அழுத்தமாக விழும், அவசரம் இருக்காது. புருவத்தை நெரிப்பதற்கு இன்னும் பல மணி நேரம் இருக்கிறது என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு மகனைக் கூப்பிட்டுப் படித்ததைச் சொல்லச் சொல்லும் கட்டம். இதே கேள்வி அந்த இரவில் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் அதை இரணியன் எந்த இடத்தில் நின்று கேட்கிறான் என்று பாருங்கள். முதல் முறை பிள்ளை அருகில் இருக்கும், கை அதன் தலையில் இருக்கும். பதில் வந்ததும் அவன் பிள்ளையைக் கோபிப்பதில்லை. யாரோ கெடுத்திருக்கிறார்கள் என்று வாத்தியார் பக்கம் திரும்புகிறான். பெற்றவர்கள் செய்வது அதுதானே. அடுத்த முறை கை எடுபடும். அதற்கடுத்து இடைவெளி விழும். மல்லர்கள் வருகிறார்கள், பாம்பாட்டி வருகிறான், கூட்டம் சிரிக்கிறது, குழந்தைகள் விழித்துக்கொள்கிறார்கள். அந்தக் கலகலப்புக்கு நடுவிலும் இரணியன் மகன் பக்கம் ஒரு கண் வைத்திருப்பான். பிழைத்து வந்தானா என்று பார்க்கிற கண். அதில் ஏமாற்றம், கோபம், ஒரு நொடிக்கு ஆறுதல் என்று மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் அந்த நடிகர் வித்தை தெரிந்தவர்.

புராணத்தின் கயாது இந்த நாடகத்தில் லீலாவதி. அவளுக்கு யாரும் வரம் கொடுக்கவில்லை, தத்துவமும் இல்லை. புருஷன் இருக்கிறான், பிள்ளை இருக்கிறான். பெண் வேஷத்தில் பெயர் பெற்ற மெலட்டூர் எஸ். நடராஜன் போன்றவர்கள் இந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த கண்ணியத்தைப் பார்த்தவர்களுக்கு, ஆண் பெண்ணாக வேஷம் கட்டுவது ஒரு குறையை ஈடுகட்டும் ஏற்பாடாகத் தோன்றாது. அது தனியாக ஒரு கலை. நடையிலும் கழுத்திலும் பெண்மையை மிகைப்படுத்தாமல், பதம் பிடிக்கும்போது கை தளர்வதில் மட்டும் துக்கத்தை வைப்பது பல வருஷத்துப் பயிற்சியில் வருவது. உருமாற்றம் என்று சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த லீலாவதிதான், சிங்கம் அப்புறம்.

இங்கே கம்பனையும் கூப்பிட வேண்டும். மாயவரத்துக்குப் பக்கத்துத் தேரழுந்தூர்க்காரர். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை யுத்த காண்டத்தில் வைத்தார். சொல்பவன் விபீஷணன், கேட்பவன் ராவணன். அரக்கக் குலத்தில் பிறந்து மனம் ஒட்டாமல் போன தம்பி, அதேபோல் ஒட்டாமல் போன பிரகலாதன் கதையை அண்ணனுக்குச் சொல்கிறான். அதற்கு ராவணன் சொல்லும் பதில் கூர்மையானது: வளர்த்த தகப்பனின் மார்பை மாயவன் பிளந்தபோது மகிழ்ந்த அந்த மகனுக்கு நீதான் சரியான ஜோடி என்கிறான். பக்தர்கள் கேட்க விரும்பாத குற்றச்சாட்டு அது. மெலட்டூர் மேடையில் நள்ளிரவு தாண்டிய பிறகு, தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குள்ளும் அந்தக் குற்றச்சாட்டு எழுகிறது. அதை எழுப்பும் அளவுக்கு இரணியனை நேசத்தோடு படைத்திருப்பதுதான் சாஸ்திரியின் துணிச்சல்.

பிறகுதான் முகமூடி. அது கோயிலில் பூஜையில் இருக்கும் பொருள். மேடைச் சாமான்களோடு சேர்த்துக் கட்டிவைப்பதில்லை. அதை அணிகிறவர் விரதம் இருந்து வருகிறார். ஜப்பானில் நோ நாடகக்காரர்கள் கண்ணாடி அறையில் முகமூடியை வணங்கிவிட்டு அணிவார்கள். அங்கே அதற்குப்பின் வருவது அளந்த நிதானம். இங்கே நேர் எதிர். முகமூடி ஏறியதும் உடம்பு வேஷக்காரரின் வசத்தில் இருப்பதில்லை என்பது ஊரார் நம்பிக்கை. அதனால்தான் பிடித்துக்கொள்ள ஆட்கள். இரணியன் எட்ட நின்று சவால் விடுகிறான், சிங்கம் திமிறுகிறது, நடுவில் அந்த மனிதர்கள். எதை உண்மையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருதரம் யோசித்துப் பார்த்தால் உடல் சிலிர்க்கிறது. எதிரே நிற்கிறவர் அதே ஊர்க்காரர், ஒருவேளை பங்காளி. ஒரு மனிதனுக்குள் மிருகம் வந்துவிட்டது, ஒரு மனிதனைக் காப்பாற்ற வேண்டும், தெய்வத்தையும் அவமதிக்கக்கூடாது. மூன்றையும் சேர்த்துச் செய்கிற அந்தப் பெயரில்லாத ஆட்கள், என் பார்வையில், அந்த மேடையின் சிறந்த நடிகர்கள்.

சபாக்களில் இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கிப் போடும்போது இந்தப் பகுதிதான் பிழைக்கிறது, முன்பகுதி உதிர்ந்துவிடுகிறது. பயணச் செலவும் ரசிகர்களின் கடைசி பஸ்ஸும் எனக்கும் புரிகின்றன. ஆனாலும் அது நஷ்டம். தகப்பனைப் பழகாதவர்களுக்கு அவன் சாவு வெறும் வெற்றியாகிவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த மரபு நலிந்துகிடந்தபோது மெலட்டூர் கணேச ஐயரும், பரதத்துக்கு வாதாடிய வக்கீல் இ. கிருஷ்ண ஐயரும் மீட்டுக் கொண்டுவந்தது முழு இரவை. இப்போது ஊரில் இரண்டு குழுக்கள் ஆடுகின்றன. இரண்டுமே அந்த முழு இரவை விடாமல் வைத்திருப்பது பெரிய காரியம்.

தூணில் வந்தவரின் கோபம் தணியவில்லை, லட்சுமியே கிட்டே போக அஞ்சினாள், பிரகலாதன்தான் போனான் என்கிறது பாகவதம். அவன் அங்கே கேட்ட வரங்களில் ஒன்று தகப்பனுக்காக: அவன் செய்த பிழை நீங்கி அவன் தூய்மை பெற வேண்டும் என்பது. பிறகு ஈமக்கடன் செய்தான். நாரதரின் ஆசிரமத்துக்கும் போகவில்லை, தேவலோகத்துக்கும் போகவில்லை. அசுரர்களுக்கே அரசனாக உட்கார்ந்தான். அவன் மகன் விரோசனன், விரோசனன் மகன் மகாபலி, மகாபலி மகன் பாணாசுரன், பாணன் மகள் உஷை. அந்த உஷை கிருஷ்ணனின் பேரன் அநிருத்தனைக் கனவில் கண்டு காதலித்த கதையைத்தான் சாஸ்திரி உஷா பரிணயமாக எழுதினார். அதில் மறுபடியும் ஓர் அசுரத் தகப்பன், பெருமாள் பக்கம் மனம் போன ஒரு பிள்ளை. இந்தத் தடவை மகள், முடிவில் கல்யாணம். மெலட்டூருக்குப் போகிறவர்கள் சிங்கத்தைப் பார்த்த கையோடு பஸ் ஏறிவிடாமல், அந்த வருஷப் பட்டியலில் உஷா பரிணயம் இருந்தால் இன்னொரு ராத்திரி தங்கி அதையும் பார்க்க வேண்டும்.