வீட்டைவிட்டுப் போகாத படங்கள்

அம்மாவின் கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்து வாங்கிவந்தபோது, 63 படங்களும் பிஎன்ஜி கோப்புகளாக, ஒவ்வொன்றும் 20 எம்பிக்குக் குறையாமல் இருந்தன. ஊருக்கு ஒருவராக இருக்கும் உடன்பிறந்தோர் அவற்றைக் கைபேசியில் பார்க்க வேண்டுமானால், ஜேபெக்காக மாற்றிச் சுருக்குவதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

இணையத்தில் இதை இலவசமாகச் செய்து தரும் தளங்களுக்குக் குறைவில்லை. நான் முதலில் நாடிய தளத்தில், பதிவிறக்கப் பொத்தானைப் போலவே வேஷமிட்ட விளம்பரங்களுக்கு நடுவே உண்மையான பொத்தானைத் தேட வேண்டியிருந்தது, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஏற்றிய படத்தை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று அடியில் சிறிய எழுத்தில் ஒரு வாக்குறுதி இருந்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அழித்தார்களா என்று போய்ப் பார்க்க நமக்கு வழி ஏது? விண்ணப்பத்தில் கேட்ட அளவுக்குள் அடக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில், ஆதார் அட்டையையும் கையெழுத்தையும் சாதிச் சான்றிதழையும் முன்பின் தெரியாத எவருடைய கணினிக்கோ அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகும் பிள்ளைகளை நினைத்தால், எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

அதன்பின் கைக்கு வந்ததுதான் ஸ்கூஷ் என்னும், உலாவியில் இயங்கும் படச்சுருக்கக் கருவி. கூகுளின் குரோம் குழுவினர் 2018-ல் வெளியிட்டது. கட்டணமில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. வெப்பி, ஏவிஐஎஃப் முதலிய பட வடிவங்களும் அதில் உண்டு. ஆறு வாரமாகப் புழங்கிவரும் எனக்கு, அதன் மெய்யான குணம் மூன்றாவது வாரத்தில், ஒரு மழை இரவில்தான் புலப்பட்டது. இணைய இணைப்பு அறுந்துபோனதைக் கவனிக்காமலே நான் நான்கு படங்களை மாற்றி முடித்திருந்தேன். சூட்சுமம் இதுதான்: படத்தைச் சுருக்கும் நிரல், வெப்அசெம்பிளி என்னும் உருவில் ஒருமுறை நம் உலாவிக்குள் வந்து தங்கிவிடுகிறது, வேலை முழுவதும் நம் கணினியிலேயே நடக்கிறது. படம் வீட்டைவிட்டு எங்கும் போவதில்லை. அந்தரங்கத்தைக் காப்போம் என்று ஒருவர் வாக்களிப்பதற்கும், மீறுவதற்கே இடமில்லாதபடி கருவியை அமைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்றிரவு உணர்ந்தபோது, அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு உண்மையான மரியாதை பிறந்தது.

இன்னொரு சந்தோஷமும் உண்டு. திரையின் குறுக்கே ஒரு செங்குத்துக் கோடு. இடப்புறம் மூலப்படம், வலப்புறம் சுருங்கிய படம். கோட்டைப் பிடித்து இழுத்தால் இழப்பு கண்ணெதிரே தெரிகிறது. அம்மாவின் காஞ்சிப் பட்டுக் கரையில் சரிகை அன்னங்கள் வரிசையாக இருக்கின்றன. தரத்தை 40-க்கு இறக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்; அன்னத்தின் அலகு கரைந்து, அந்த இடத்தில் சின்னஞ்சிறு சதுரங்கள் நின்றன. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் அதிகம் பொருட்படுத்தாத நுணுக்கங்களைக் கழிக்கிறது; அளவு மீறிக் கழித்தால் கட்டங்களே வெளியே தெரிந்துவிடும். 75-ல் அலகு திரும்பியது. 82-ல் சரிகையின் முறுக்குக்கூடத் தெரிந்தது. கோப்போ மூலத்தில் பத்தில் ஒரு பங்குதான். அங்கேயே நிறுத்தினேன்.

ஒரு நேரத்தில் ஒரு படம்தான் என்பது இதன் வழக்கம். அவசரக்காரர்களுக்கு அது ஒத்துவராது. எனக்கு, இரவுக்கு இரண்டு மூன்றாக, ஒவ்வொரு முகத்தையும் நின்று பார்க்க முடிந்தது. கழிந்த நுணுக்கம் ஜேபெக்கிலிருந்து மீண்டு வராது என்பதால், பிஎன்ஜி மூலங்களைத் தனி வட்டில் பத்திரப்படுத்திவிட்டேன்.

சென்ற வாரம் அந்த 82-ஐ அக்காவுக்கு அனுப்பினேன். கைபேசியில் விரலால் பெரிதாக்கிக் கரையைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள்: “அன்னக்கரைப் புடவைதானேடா? அது என் பீரோவில்தான் இருக்கிறது.”