பைண்டு செய்த தொடர்கதைகள்

தமிழின் புகழ்பெற்ற நாவல்களை அவற்றின் ஓவியங்களோடு படிக்க விரும்புவோர் தேடி அலைவது பழைய பைண்டு தொகுதிகளுக்காகத்தான். வார இதழில் வந்த தொடரை வாரந்தோறும் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ முதுகு வைத்துத் தைத்து வாங்குவது நெடுங்காலம் வீட்டு வழக்கமாக இருந்தது. ஓவியங்கள் இதழுக்கென்றே வரையப்பட்டவை. பின்னால் வந்த நூற்பதிப்புகள் பலவற்றில் அவை குறைந்துபோயின, அல்லது அடியோடு விடுபட்டன. எனவே பல நாவல்களுக்கு வாசகர் தைத்த தொகுதியே நிறைவான ஓவியப் பதிப்பு.

இவற்றில் முதலிடம் ‘பொன்னியின் செல்வ’னுக்கு. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்த அத்தொடருக்கு மணியம் (1924–1968) வரைந்தார். கதைக்களங்களைப் பார்க்க இலங்கைக்குச் சென்ற நாவலாசிரியர் கல்கி, அவரையும் அழைத்துச் சென்றார். கோயில் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் பார்த்துப் பழகிய கை என்பது ஆடை மடிப்பிலும் அணிகலனிலும் தெரியும். நந்தினியின் ஆண்டாள் கொண்டை இன்றும் வாசகர் கண்ணில் நிற்பதற்கு அந்தக் கோடுகளே காரணம். ‘கல்கி’ அதே தொடரை மறுபடி வெளியிட்டபோது வினு, பத்மவாசன் முதலியோர் புதிதாக வரைந்தார்கள். அவையும் அழகான படங்களே. ஆனால் மணியம் படங்களைத் தேடுபவர் தொகுதியை வாங்குமுன் படத்தின் மூலையிலுள்ள கையெழுத்தையும் பின்பக்கத்து விளம்பரத்தையும் பார்த்துவிட வேண்டும்; காலத்தை விளம்பரம் காட்டிக் கொடுத்துவிடும்.

கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ‘ஆனந்த விகட’னில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பா’ளுக்குக் கோபுலு வரைந்தார். தஞ்சையில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவருக்கு நாகஸ்வரக் கச்சேரியும் திருவிழாக் கூட்டமும் நேரில் கண்ட உலகம். ‘குமுத’த்தில் சாண்டில்யனின் ‘கடல் புறா’வுக்கு லதா வரைந்தார்.

தொகுதியின் மதிப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பைண்டரின் கைதான். ஓரத்தைச் சமன்செய்யும் கத்தி சற்று உள்ளே இறங்கினால் படத்தின் விளிம்பும் ஓவியர் கையெழுத்தும் போய்விடும். இறுக்கித் தைத்தால் இரு பக்கங்களில் விரிந்த படத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் மறைந்துவிடும். அட்டைகளைக் கழற்றிவிட்டுத் தைத்தவற்றில் வண்ண ஓவியங்கள் இரா. பெரிய இழப்பு அது. மலிவான இதழ்த்தாளில் மரக்கூழின் அமிலம் இருப்பதால் பக்கம் பழுத்து, மடித்தால் ஒடியும். இராமபாணப் பூச்சியும் இதழைத் தைத்த துருவேறிய கம்பியும் மீதியைக் கெடுக்கும். ஒட்டுநாடா போடுவது அதைவிடக் கேடு. அதன் பசை பழுப்பாகி எழுத்தின்மேல் ஊறும்.

விடுபட்ட வாரங்களைச் சரிபார்க்க நூலகங்களில் உள்ள முழு இதழ்களே துணை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களையும் இதழ்களையும் 1994-இல் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சென்னையில் அவர் பெயரிலேயே இயங்கும் ஆராய்ச்சி நூலகம் அவற்றைப் பாதுகாக்கிறது.